குளிர்காலத்தின் கடைசி வாரங்களில் பொக்காரா: ஏரிக்கரை நகருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பொக்காராப் பயணத்தில் முதலில் உறுதி செய்ய வேண்டியது தேதி. நேபாளத்தின் இந்த ஏரிக்கரை நகருக்குப் பெரும்பாலானோர் அக்டோபரிலும் நவம்பரிலும் செல்கிறார்கள். மழைக்காலம் முடிந்து வானம் தெளிந்திருக்கும் என்பதால் அந்தத் தேர்வில் தவறு எதுவும் இல்லை. ஆயினும் பிப்ரவரி நடுப்பகுதியில் தொடங்கி மார்ச் முதல் வாரம் வரை நீளும் மூன்று வாரங்களை நான் அதற்குச் சமமாக மதிக்கிறேன். குளிர்காலப் பனி மலைகளில் கலையாமல் இருக்கும், பகல் வெயில் இதமாக இருக்கும், விடுதிகளில் நெரிசல் குறைந்திருக்கும், தாழ்வான சரிவுகளில் லாலி குராஸ் என்று நேபாளிகள் அழைக்கும் செந்நிறப் பூக்கள் மலரத் தொடங்கியிருக்கும். ஆனால் மலையைப் பார்ப்பதற்கு இந்தப் பருவம் தரும் நேரம் குறுகியது. ஆகவே பயணத்தின் ஒவ்வொரு முடிவையும் காலைப் பொழுதை மையமாக வைத்தே எடுக்க வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டி முழுவதிலும் நான் வலியுறுத்துவது.

எந்த வாரம், எத்தனை நாள்

பொக்காரா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே 30 கிலோமீட்டர் அளவில், இடையில் பெரிய மலைத்தொடர் எதுவும் மறைக்காமல், அன்னபூர்ணா மலைகள் 7,000, 8,000 மீட்டர் உயரத்துக்கு நேராக எழுந்து நிற்கின்றன. இமயத்தில் வேறு பல ஊர்களில் பனிமலையைக் காண்பதற்கு நாம் முதலில் உயரம் ஏற வேண்டியிருக்கிறது. இங்கே ஏரிக்கரைத் தேநீர்க் கடையில் அமர்ந்தபடியே காணலாம். அதனால்தான் பொக்காராவில் குளிர் கடுமையாக இல்லாமலே பனிமலை அருகில் கிடைக்கிறது. பிப்ரவரியில் பகல் வெப்பநிலை 22 டிகிரி அளவிலும், பின்னிரவில் 9 அல்லது 10 டிகிரியிலும் இருக்கும். மார்ச் மாதத்தில் பகல் 26 டிகிரியைத் தொடும்.

வெப்பம் ஏற ஏறக் காட்சி மங்குகிறது. மார்ச் நடுப்பகுதியிலிருந்து காட்டுத்தீயின் புகையும், சமவெளியிலிருந்து வரும் தூசியும் சேர்ந்து பள்ளத்தாக்கில் ஒரு மூட்டமாகத் தங்கிவிடுகின்றன. மழை பெய்து அதைக் கரைக்கும் வரை, வானத்தில் மேகமே இல்லாத நாளிலும் மலை இருக்கும் திசையில் வெண்மையான வெறுமைதான் தெரியும். ஏப்ரலில் பள்ளி விடுமுறை தொடங்கும் வரை காத்திருந்து சென்றவர்கள், இந்த ஊரின் அடையாளமான மச்சபுச்சரே சிகரத்தை ஒருமுறை கூடப் பார்க்காமல் திரும்பியதைக் கேட்டிருக்கிறேன். எனவே தேதியில் நெகிழ்வு இருந்தால் பிப்ரவரியின் பின்பாதியையே தேர்ந்தெடுங்கள். இந்த வாரங்களில் ஓரிரு நாள் மழை வந்தால் வருந்த வேண்டாம்; மழைக்கு மறுநாள் காலை போன்ற தெளிவு ஆண்டின் எந்த நாளிலும் எளிதில் கிடைக்காது.

பொக்காராவில் மட்டும் குறைந்தது நான்கு இரவுகள் தங்குங்கள். ஒரே ஒரு காலையை நம்பிச் செல்வது சரியல்ல. நான்கு காலைகள் கையில் இருந்தால் அவற்றில் குறைந்தது இரண்டு தெளிவாக அமையும் வாய்ப்பு உண்டு. முடிந்தால் அந்த நான்கில் ஒன்று முழுநிலவு நாளாக இருக்கட்டும். அது பால்குன மாதப் பௌர்ணமியாக அமையும் ஆண்டுகளில் மலைப்பகுதி நேபாளம் அன்று ஹோலி கொண்டாடுகிறது. சமவெளிப் பகுதிக்கு ஒரு நாள் முன்பாகவே இங்கு கொண்டாட்டம் வந்துவிடும். அன்று பகலில் தெருக்களில் வண்ணப்பொடி பறக்கும் என்பதால் ஒளிப்படக் கருவியைப் பத்திரப்படுத்துங்கள். இரவில் நிலவொளியில் பனிச்சிகரங்கள் தனித்துத் தெரியும். சிவராத்திரியும், திபெத்தியப் புத்தாண்டான லோசரும் பெரும்பாலும் இதே வாரங்களில்தான் வருகின்றன. லோசர் சமயத்தில் நகருக்கு வடமேற்கே ஹேம்ஜாவில் உள்ள தாஷி பல்கேல் திபெத்தியக் குடியிருப்பின் மடத்துக்குச் செல்லலாம்.

ஆவணங்களும் பணமும்

இந்தியக் குடிமக்களுக்கு நேபாளத்துக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை போதும். ஆதார் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குச் செல்ல வேண்டாம். 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 65 வயதைக் கடந்தவர்களுக்கும் மட்டுமே அந்தச் சலுகை உண்டு. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, சார்க் நாட்டவர் என்ற முறையில், ஆண்டுக்கு ஒருமுறை 30 நாள் விசா கட்டணமின்றிக் கிடைக்கிறது. மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், கனடா போன்ற நாடுகளின் கடவுச்சீட்டில் வருபவர்கள் காத்மாண்டு விமான நிலையத்திலேயே விசா பெறலாம்.

நேபாள ரூபாயின் மதிப்பு இந்திய ரூபாயோடு பிணைக்கப்பட்டிருக்கிறது: 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய். விலை கேட்கும்போது எந்த ரூபாயில் சொல்கிறார்கள் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பேச்சில் நேபாள நாணயத்தை "என்சி" என்றும் இந்திய நாணயத்தை "ஐசி" என்றும் குறிப்பிடுவார்கள். இந்திய ரூபாயை எடுத்துச் செல்வதாக இருந்தால் 100 ரூபாய்த் தாள்களாகவே எடுத்துச் செல்லுங்கள். அதைவிடப் பெரிய தாள்களைக் கடைக்காரர்கள் வாங்கத் தயங்குவார்கள். பல கடைகளில் இப்போது யுபிஐ வழியாகவும் செலுத்த முடிகிறது என்றாலும், படகுத் துறைக்கும் மலைக் கிராமங்களுக்கும் ரொக்கம் அவசியம். கடிகாரத்தையும் இந்திய நேரத்திலிருந்து 15 நிமிடம் முன்னே நகர்த்திக்கொள்ளுங்கள். பேருந்தைத் தவறவிட அந்தக் கால் மணி நேரம் போதும்.

போய்ச் சேரும் வழி

விமானத்தில் செல்பவர்கள் தில்லி வழியாகக் காத்மாண்டுவை அடைந்து, அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் அரை மணி நேரத்துக்குள் பொக்காரா சேரலாம். விமானம் மேற்கு நோக்கிப் பறப்பதால் மலைகள் வலப்பக்கம் தெரியும். இருக்கையை அதற்கேற்பக் கேட்டு வாங்குங்கள். பொக்காராவின் புதிய விமான நிலையம் 2023 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. அது ஏரிக்கரையிலிருந்து சற்றுத் தள்ளி நகரின் கிழக்கில் இருப்பதால் டாக்சி தேவைப்படும். குளிர்காலக் காலைகளில் மூடுபனியால் விமானங்கள் தாமதமாவது வழக்கம். அதனால் காத்மாண்டுவில் இறங்கிய அதே நாளில் குறுகிய இடைவெளியில் அடுத்த விமானத்தைப் பதிவு செய்யாதீர்கள்.

காத்மாண்டுவிலிருந்து பிருத்வி நெடுஞ்சாலை வழியாகப் பொக்காரா 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தொலைவைப் பார்த்து நான்கு மணி நேரம் என்று கணக்கிட்டுவிடக் கூடாது. சாலை விரிவாக்கப் பணி நீண்ட காலமாக நடந்து வருவதால் ஏழு மணி நேரமும் ஆகலாம், பத்து மணி நேரமும் ஆகலாம். காலையில் புறப்படும் சுற்றுலாப் பேருந்தே நல்லது. இரவுப் பேருந்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. திரிசூலி ஆற்றை ஒட்டி வளைந்து செல்லும் அந்தச் சாலையைப் பகலிலேயே கடக்க வேண்டும்.

ரயிலில் செல்ல விரும்புபவர்களுக்கு கோரக்பூர் வாசல். கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் வழியாகச் செல்லும் ரப்திசாகர் விரைவு ரயில் கோரக்பூருக்குச் செல்கிறது. அங்கிருந்து பேருந்திலோ காரிலோ மூன்று மணி நேரத்தில் சுனௌலி எல்லை. எல்லையை நடந்தே கடந்து, அப்பால் உள்ள பைரவாவிலிருந்து சித்தார்த்த நெடுஞ்சாலையில் தான்சேன் வழியாகப் பொக்காராவுக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர். அதற்கு ஒரு முழுப் பகல் வேண்டும். பிப்ரவரித் தொடக்கம் வரை கங்கைச் சமவெளியில் மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகலாம் என்பதால், கோரக்பூரிலோ பைரவாவிலோ ஓர் இரவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னும் ஓர் இரவு இருக்குமானால் பைரவாவிலிருந்து அருகிலுள்ள லும்பினிக்குச் செல்லலாம். புத்தர் பிறந்த இடத்தைத் தாண்டிச் செல்லும்போது நிற்காமல் போவது எனக்கு மனம் ஒப்பாத செயல்.

தங்கும் அறையும் உடைகளும்

பயணிகள் தங்குவது பெரும்பாலும் பேவா ஏரியின் கிழக்குக் கரையில் உள்ள லேக்சைடு பகுதியில். அதன் நடுப்பகுதி கடைகளாலும் இரவு இசையாலும் நிறைந்தது. வடக்கு முனை அமைதியானது. தெற்கே அணையை ஒட்டிய டேம்சைடு பகுதியில் விடுதிகள் குறைவு என்றாலும், அங்கிருந்து மலைத்தொடர் மிக விரிவாகத் தெரியும் என்பதால் காலைக் காட்சிக்காகவே அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு.

அறை பதிவு செய்யும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மொட்டைமாடிக்குச் செல்ல வழி உண்டா என்பது முதலாவது. அறையின் சன்னலைவிட அந்த மாடியே உங்களுக்கு அதிகம் பயன்படும். அறைக்குப் பகல் வெயில் வருமா என்பது இரண்டாவது. நடுத்தர விடுதிகளில் அறைகளைச் சூடாக்கும் ஏற்பாடு கிடையாது. பகலில் வெயில் படாத வடக்குப் பார்த்த அறை இரவில் வெளியைவிடக் குளிராக இருக்கும். வெந்நீர் எதனால் சூடாகிறது என்பது மூன்றாவது. சூரிய வெப்பத்தை மட்டும் நம்பும் விடுதியில் மாலையில்தான் குளிக்க முடியும். மேகமூட்டமான நாளில் அதுவும் இல்லை. சிராக் எனப்படும் கனமான பஞ்சு மெத்தைப் போர்வையைக் கூடுதலாகக் கேட்டால் தயங்காமல் தருவார்கள்.

தென்னிந்தியச் சமவெளியிலிருந்து செல்பவர்கள் ஒரே கனமான கோட்டை வாங்குவதைவிடப் பல அடுக்குகளாக அணிவது நல்லது. உள்ளே ஒரு வெப்ப உள்ளாடை, அதன்மேல் முழுக்கைச் சட்டை, கம்பளி, காற்றைத் தடுக்கும் மேலங்கி, காதை மூடும் குல்லா ஆகியவை விடியற்காலைக்குப் போதும். பதினோரு மணிக்கு இவற்றில் பாதியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு அரைக்கைச் சட்டையோடு நடப்பீர்கள்.

காலை: இந்தப் பயணத்தின் மையம்

பிப்ரவரி நடுப்பகுதியில் பொக்காராவில் சூரியன் காலை 6:45 அளவில் உதிக்கிறது. மார்ச் நடுப்பகுதியில் 6:20 அளவில். முதல் ஒளி சிகரங்களைத் தொடுவது அதற்குச் சற்று முன்பே. ஆகவே ஐந்தேகால் மணிக்கு எழுந்து மாடிக்குச் சென்று வடக்கே பாருங்கள். விண்மீன்கள் தெளிவாகவும், அவற்றுக்குக் கீழே ஒரு கருத்த முக்கோணமும் தெரிந்தால் அன்று விடியலைக் காண சாரங்கோட் மலைக்குப் புறப்படலாம். எதுவும் தெரியாவிட்டால் மீண்டும் உறங்கச் செல்லுங்கள். டாக்சியை முதல்நாள் மாலையே பேசி வைப்பதைவிட, "வானம் தெளிந்திருந்தால் மட்டும்" என்ற நிபந்தனையோடு விடுதிக்காரரிடம் சொல்லி வையுங்கள். இந்த வேண்டுகோள் அவர்களுக்குப் பழக்கமானதுதான்.

சாரங்கோட் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரமுள்ள மலைமுகடு. ஏரிக்கரையிலிருந்து காரில் அரை மணி நேரம். ரோப்வேயும் உண்டு என்றாலும், விடியலைக் காண டாக்சியே பொருத்தம். மேலே நின்று இடமிருந்து வலமாகப் பாருங்கள். மேற்கே தூரத்தில் தவளகிரி, 8,167 மீட்டர். அடுத்துத் தெற்கு அன்னபூர்ணா, 7,219 மீட்டர். முன்னால் நிற்பதால் இதுவே மிகப் பெரியதாகத் தோன்றும். 8,091 மீட்டர் உயரமுள்ள முதல் அன்னபூர்ணா அதற்குப் பின்னே அடங்கி நிற்கிறது. 1950 ஜூன் 3 அன்று மோரிஸ் எர்ஸோக், லூயி லாஷெனால் இருவரும் ஏறியது அந்தச் சிகரத்தில்தான். 8,000 மீட்டரைத் தாண்டிய மலைகளில் மனிதர்கள் முதலில் ஏறியதும் அதுவே. நடுவே தனித்து நிற்பது மச்சபுச்சரே. கிழக்கே மூன்றாம், நான்காம், இரண்டாம் அன்னபூர்ணாக்கள் வரிசையாக நீண்டு லம்ஜுங் மலையில் முடிகின்றன.

மச்சபுச்சரேயின் உயரம் 6,993 மீட்டர்தான் என்றாலும் கண் அதிலேயே நிற்கும். பொக்காராவிலிருந்து ஒற்றைக் கூம்பாகத் தெரியும் அதன் உச்சி உண்மையில் இரட்டை. காந்துருக் பக்கம் சென்றால்தான் அந்தப் பிளவு தெரியும். 1957-ல் ஜிம்மி ராபர்ட்ஸ் தலைமையில் சென்ற பிரித்தானியக் குழு உச்சியை நெருங்கியும் அதை மிதிக்காமல் திரும்பியது. அதன்பின் புனித மலை என்ற காரணத்தால் அதில் ஏறுவதற்கு அனுமதி கிடையாது. சுற்றிலும் கொடி நட்ட சிகரங்கள் இருக்க, இதை மட்டும் தொடாமல் விட்டு வைத்த முடிவை நான் பெரிதும் போற்றுகிறேன்.

சூரியன் எழுந்தவுடன் பெரும்பாலோர் கீழே இறங்கிவிடுவார்கள். இன்னும் ஒரு மணி நேரம் இருங்கள். இளஞ்சிவப்பு நிறம் மறைந்து பனி முழு வெண்மையாகும்போதுதான் மலையின் மடிப்புகளும் பனிச்சரிவுகளும் துலக்கமாகத் தெரிகின்றன. பத்து மணியளவில் பள்ளத்தாக்கிலிருந்து மேகங்கள் எழத் தொடங்கும். பிறகு பெரும்பாலும் மாலையில்தான் மலை மறுபடி வெளிப்படும், சில நாட்களில் அதுவும் இல்லை. காற்றில் மிதந்து ஏரியோரம் இறங்கும் பாராகிளைடிங்குக்குச் சாரங்கோட்டே புறப்படும் இடம். வெயில் ஏறி வெப்பக் காற்று எழும் முற்பகல் நேரம் அதற்கு ஏற்றது.

ஏரியும் தென்கரையும்

இரண்டாவது தெளிந்த காலையை ஏரிக்கு ஒதுக்குங்கள். நேபாளத்தின் இரண்டாவது பெரிய ஏரியான பேவா, காற்று எழாத காலை வேளையில்தான் மச்சபுச்சரேயைத் தலைகீழாகக் காட்டும். நண்பகலுக்குப் பின் அலை எழுந்துவிடும். டுங்கா எனப்படும் மரப்படகுகள் பராஹி படித்துறையில் கிடைக்கின்றன. கட்டணம் பலகையில் எழுதப்பட்டிருக்கும். படகோட்டியோடும் தனியாகவும் எடுக்கலாம். மிதவை அங்கியைக் கட்டாயம் அணியுங்கள். ஏரி நடுத்தீவில் உள்ள தால் பராஹி கோயிலில் சனிக்கிழமைகளில் உள்ளூர் மக்கள் கூட்டம் நிறைந்திருக்கும், ஏனெனில் நேபாளத்தில் வார விடுமுறை அன்றுதான். குளிர்கால இறுதியில் நீர்மட்டம் தாழ்ந்து, கரையோரம் சேறும் ஆகாயத்தாமரையும் தெரியலாம். ஹர்பன் ஓடை கொண்டுவரும் வண்டலால் ஏரி மெல்லச் சுருங்கி வருகிறது. 2016-ல் பொக்காராப் பள்ளத்தாக்கின் ஒன்பது ஏரிகளும் சேர்த்து, ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஏரியில் ஒரு பிளாஸ்டிக் உறை கூட நம் கையிலிருந்து விழக் கூடாது.

படகில் தென்கரையை அடைந்து, காட்டுப் படிகள் வழியாக ஒரு மணி நேரம் ஏறினால் உலக அமைதித் தூபி. ஏரி, நகரம், மலை மூன்றும் ஒரே பார்வையில் அடங்கும் இடம் இது. சத்தமாகப் பேசக் கூடாது என்ற விதியை மதியுங்கள். வந்த வழியே திரும்பாமல் மறுபக்கம் சோரேபாட்டனுக்கு இறங்குங்கள். அங்குள்ள டேவிஸ் அருவி இந்தப் பருவத்தில் மெலிந்திருக்கும். அதற்காக மட்டும் செல்வது வீண். ஆனால் சாலைக்கு எதிரே உள்ள குப்தேஷ்வர் மகாதேவர் குகையின் அடிப்பகுதி மழைக்காலத்தில் நீரால் மூடப்படும். இப்போதோ உள்ளே இறங்கி, அருவி நிலத்துக்கடியில் விழும் இடம் வரை செல்லலாம். படிகள் ஈரமாக வழுக்கும் என்பதால் முதியவர்களுக்குக் கைத்துணை வேண்டும்.

மலை மறைந்திருக்கும் பகல்களில் சர்வதேச மலை அருங்காட்சியகத்துக்கும், நகரின் நடுவே ஆழ்ந்த பிளவில் ஓடும் சேதி ஆற்றைக் காணும் பாலங்களுக்கும், பிந்தவாசினி கோயிலுக்கும், கிழக்கே உள்ள பேக்னாஸ் ஏரிக்கும் செல்லலாம். இவற்றில் பேக்னாஸுக்கே என் முதல் வாக்கு. பேவாவின் இரைச்சல் அங்கு இல்லை.

உணவில் சைவர்களுக்குச் சிரமம் கிடையாது. தக்காலி எனும் மலைச் சமூகத்தாரின் சாப்பாட்டைக் கேளுங்கள்: சோறு, கறுப்பு உளுந்துப் பருப்பு, கீரை, குந்துருக் எனும் புளித்த கீரைச் சாறு, ஊறுகாய், நெய். சோற்றுக்குப் பதில் மக்காச்சோள மாவோ கேழ்வரகு மாவோ கிண்டிய திண்டோவும் கிடைக்கும். நம் களியை அறிந்தவர்களுக்கு அது உடனே பிடித்துவிடும். பரிமாறுபவரை "தாய்" (அண்ணன்), "தீதி" (அக்கா) என்று அழைத்தால் முகம் மலர்வார்கள்.

முக்திநாத்துக்குச் செல்ல எண்ணினால்

தமிழ் வைணவர்கள் பலர் பொக்காராவுக்கு வருவதே இதற்காகத்தான். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான, திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் முக்திநாத்தே என்பது வைணவர் நம்பிக்கை. கோயில் 3,700 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. பிப்ரவரியில் அங்கு பனி கிடப்பது இயல்பு. பக்தர்கள் நீராடும் 108 தாரைகளின் நீர் உறைநிலையை ஒட்டி இருக்கும். இதய நோயோ மூச்சுத் திணறலோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புறப்பட வேண்டாம். பொக்காராவிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் திட்டங்களை ஏற்காதீர்கள். 2,700 மீட்டரில் உள்ள ஜோம்சோமிலோ அருகிலுள்ள மார்ஃபாவிலோ ஓர் இரவு தங்கி, உடல் உயரத்துக்குப் பழகியபின் மேலே செல்லுங்கள். தலைவலியும் குமட்டலும் கூடினால் தரிசனத்தைத் தள்ளிவைத்து உடனே கீழே இறங்கிவிடுங்கள். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் நுழைவதற்கான அனுமதிச் சீட்டைப் பொக்காராவிலேயே வாங்கிவிடலாம்.

ஜோம்சோமுக்கு விமானத்தில் இருபது நிமிடம். பேனி வழியாகச் சாலையில் ஒரு முழு நாள். காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகலிலேயே பலத்த காற்று எழுவதால் விமானங்கள் காலையில் மட்டுமே பறக்கின்றன, வானிலை கெட்டால் ரத்தாகின்றன. அந்நிலையில் ஜீப்பில் திரும்புவதற்கான பணத்தைத் தனியாக வைத்திருங்கள். ஜோம்சோமிலிருந்து திரும்பும் நாளுக்கும் காத்மாண்டுவிலிருந்து ஊருக்குப் புறப்படும் விமானத்துக்கும் இடையே குறைந்தது இரண்டு இரவுகள் இருக்கும்படி பயணச்சீட்டைப் பதிவு செய்யுங்கள்.